மந்தைவெளி வீட்டு குரூப்ல நாடக டிக்கெட் பஞ்சாயத்து

அத்தை: [போட்டோ: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்] 🌹

நான்: எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. திருவான்மியூர்ல நான் லைட் போடுற அந்த மொட்டைமாடி அரங்கத்துல வர்ற வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் ஷோ. வெள்ளிக்கிழமை ஒரு அக்கா தனியா நடிக்கிற நாடகம், சனிக்கிழமை ரஷ்ய எழுத்தாளர் செகாவ் எழுதின காமெடி ரெண்டு, ஞாயித்துக்கிழமை இம்ப்ரோ, அதாவது அப்பப்ப தோணறத அங்கயே நடிக்கிறது. சாயங்காலம் ஏழு மணி, டிக்கெட் 250. மொத்தமே 60 சீட்டு தான், யார் யார் வர்றீங்கன்னு இன்னைக்கே சொல்லுங்க

பெரியப்பா: ஓசி பாஸ் எத்தனை கிடைக்கும் கண்ணு

நான்: பெரியப்பா 🙄

தம்பி: மொத பால்லயே சிக்ஸர் 😂

மாமா: கார் நிறுத்த எடம் இருக்கா மருமகளே

நான்: இல்ல மாமா, தெருவே ஒரு ஆட்டோ போற அளவு தான். மந்தைவெளில பறக்கும் ரயில் ஏறுங்க, திருவான்மியூர்ல இறங்குங்க, அங்கேந்து நடந்துடலாம்

மாமா: அப்ப யோசிக்கணும்

சித்தி: தனியா நடிக்கிறதுன்னா எப்படி டி? கூட ஆளே இல்லையா? பேசிக்கிட்டே இருப்பாங்களா?

நான்: சித்தி அது ரேஷன் கடைல பில் போடுற ஒரு அம்மாவோட கதை. மேடைல ஒரு ஸ்டூல், ஒரு துண்டு, அவ்ளோ தான். துண்ட தோள்ல போட்டா கடைக்கு சண்டை போட வர்ற கவுன்சிலர் ஆளு, தலைல போட்டா வெயில்ல நிக்கிற கெழவி, இடுப்புல சொருகினா மூட்டை தூக்குற பையன். தராசே கிடையாது, ஆனா அவங்க கண்ண மட்டும் கீழ இறக்கி தலைய லேசா சாய்ச்சு உதட்டுக்குள்ள எண்ணுவாங்க பாருங்க, அரிசி கொஞ்சம் கொறையுதுன்னு நமக்கு தெரிஞ்சிடும். ரிகர்சல்ல லைட்ட மாத்த வேண்டிய எடத்துல நான் கைய வெச்சிக்கிட்டு அப்படியே பாத்துட்டு நின்னுட்டேன், டைரக்டர் கத்தினாரு

சித்தி: ஐயோ கேக்கவே நல்லாருக்கு

மாமா: ஒரே ஆளு ஒரு மணி நேரம் பேசினா அது எங்க ஆபீஸ் ரிவ்யூ மீட்டிங் மாதிரி ஆயிடாதா

அத்தை: இவருக்கு பதில் சொல்லாத. போன தடவ பாண்டிச்சேரி போனப்ப ஆதிசக்தி நாடகக் குழுவுல நிம்மி ராஃபேல் தனியா நடிச்சாங்களே, கும்பகர்ணனும் அவங்க தான், பதினாலு வருஷம் தூங்காத லட்சுமணனும் அவங்க தான். ஒடம்பு அப்படியே மாறுது, முதுகு வளையிற விதமே வேற. முழு நாடகமும் தூக்கத்த பத்தினது. அதுல தூங்கின ஒரே ஆளு உங்க மாமா

தம்பி: மாமா அந்தப் பாத்திரமாவே மாறிட்டாரு, மெத்தட் ஆக்டிங்

மாமா: மத்தியானம் சாப்பாடு கொஞ்சம் ஹெவி

சித்தி: பாட்டி சொல்றாங்க டைப் பண்றேன் இருங்க. "ஒத்த ஆளா நடிக்கிறது என்ன புதுசா, எங்க காலத்துல பன்னி பாய் வந்து கதா காலட்சேபம் பண்ணா ராமனும் அவளே கைகேயியும் அவளே கூனியும் அவளே, நடுவுல பாட்டும் பாடுவா, ஊர் கதையும் சொல்லி சிரிக்க வைப்பா, மணி போறதே தெரியாது" ங்கறாங்க. அவங்களும் வருவாங்களாம். மாடிப்படி எத்தனைன்னு கேக்கறாங்க

நான்: பாட்டி 😍 ரெண்டு மாடி ஏறணும், லிஃப்ட் இல்ல, ஆனா நாங்க ரெண்டு பேர் புடிச்சு கூட்டிட்டு வந்துடுவோம். முதுகு சாய்ஞ்சுக்கற நாற்காலியா பாத்து போட்டு வைக்கறேன்

தம்பி: அக்கா எனக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணு. இம்ப்ரோல ஸ்கிரிப்ட் கிடையாதுல்ல, நம்ம குடுக்குற வார்த்தைய வெச்சு தானே நடிப்பாங்க? நான் "கல்யாண பத்திரிகைல பேர் விட்டுப்போன சித்தப்பா"ன்னு குடுக்கப் போறேன்

சித்தி: டேய் அந்த சண்டைய திரும்ப கிளப்பாத, உங்க சித்தப்பாவும் இந்த குரூப்ல தான் இருக்காரு

பெரியப்பா: நான் கேட்டதுக்கு பதில் வரல. பாஸ்.

நான்: பெரியப்பா கோவிச்சுக்காதீங்க. 60 சீட்டும் நிரம்பினா கூட ஒரு நாளைக்கு 15,000 தான். அதுல எட வாடகை இருக்கு, லைட்டு பாதி வாடகைக்கு எடுக்கறோம், கரண்ட் பில், அதுக்கு மேல நடிக்கிறவங்களுக்கு ஏதாவது குடுக்கணும், அந்த அக்கா வேலைய முடிச்சுட்டு ராத்திரி வந்து மாசக்கணக்கா ரிகர்சல் பண்ணிருக்காங்க. எல்லார் வீட்லயும் பாஸ் கேக்கறாங்க, 15 பாஸ் குடுத்தா கலெக்ஷன்ல கால்வாசி, 3,750 போச்சு. சொந்தக்காரங்க தான் முதல்ல டிக்கெட் வாங்கணும், வெளி ஆளு அப்புறம் தானா வருவாங்க. நம்ம வீட்லயே ஏழு பேர் சினிமாவுக்கு போனா இன்டர்வெல்ல பாப்கார்னுக்கு எவ்ளோ குடுக்கறோம்னு யோசிங்க

பெரியப்பா: எனக்கு கணக்கு சொல்லித் தர்றியா. நான் நாடகம் பாக்க ஆரம்பிச்சப்ப உங்கப்பன் டவுசர் போட்டுட்டு இருந்தான். அப்பல்லாம் சபா மெம்பர் கார்டு இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவ சந்தா கட்டினா மாசம் மாசம் நாடகம், குடும்பத்தோட போலாம், ஒரு ஒரு நாடகத்துக்கும் தனியா காசு எடுத்து நீட்டற பழக்கமே எங்களுக்கு இல்ல. குழுவுக்கு சபா குடுக்கும், சபாவுக்கு நாங்க குடுப்போம். கிரேஸி மோகன் நாடகம்னா சிரிச்சு சிரிச்சு பக்கத்து சீட்டுக்காரர் தொடைய தட்டிட்டு சாரி கேட்டுருக்கேன். ஒவ்வொரு நாடகத்துலயும் கதாநாயகி பேர் ஜானகி தான், அவர மேடை ஏத்தின டீச்சர் பேரு அது. மாதுன்னு அவர் தம்பி பாலாஜி வந்து நின்னாலே ஹால் ஆடும். 1976ல எஸ்.வி. சேகருக்கு எழுதிக் குடுத்த 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்துக்கு அப்புறம் தான் அவர் பேருக்கு முன்னாடி கிரேஸியே ஒட்டிக்கிச்சு. 2019ல போயிட்டாரு மனுஷன், இன்னும் மனசு ஆறல

பெரியப்பா: அதெல்லாம் பெரிய ஹால்ல பாத்த கண்ணு இது. 60 பேர் உக்காந்து காமெடி பாத்தா சிரிப்பு எழுமா?

நான்: அத தான் பெரியப்பா வந்து பாக்கணும். பெரிய ஹால்ல மைக் வழியா தான் குரல் வரும், இங்க மைக் கிடையாது, நடிக்கிறவர் பெருமூச்சு விடறது கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். ஒருத்தர் குபீர்னு சிரிச்சா போதும், மத்தவங்க அடக்கிக்கவே முடியாது. ஆனா ஒத்துக்கறேன், ஜோக் படுத்துடுச்சுன்னா அந்த அமைதியும் அதே அளவு பக்கத்துல கேக்கும், அப்ப லைட் போர்டுல நின்னுட்டு நானே நெளிவேன்

அத்தை: சனிக்கிழமை செகாவ்ங்கறியே, அவர் சோகமா எழுதறவர் இல்லையா

நான்: இல்ல அத்தை, காமெடி நெறைய எழுதிருக்காரு. மொதல்ல வர்றது ஒரே ஆளு பேசற குட்டி நாடகம். புகையிலை எவ்ளோ கெடுதல்னு சொற்பொழிவு பண்ண சொல்லி பொண்டாட்டி அனுப்பி வெச்சிருப்பா, அவருக்கே சிகரெட் பழக்கம் இருக்கு, மேடை ஏறினதும் புகையிலைய விட்டுட்டு வீட்டுக் கஷ்டத்த புலம்ப ஆரம்பிச்சுடுவாரு. சிரிச்சிட்டே இருப்போம், திடீர்னு ஒரு எடத்துல தொண்டை அடைக்கும். 1886ல எழுதினத 1902 வரைக்கும் திரும்ப திரும்ப மாத்திட்டே இருந்திருக்காரு. ரெண்டாவது கரடின்னு, கடன வசூல் பண்ண வந்தவன் விதவை வீட்ல சண்டை போட்டு துப்பாக்கி வரைக்கும் போயி கடைசில அவள கட்டிக்கிறேன்னு நிப்பான். எங்க ஆளுங்க அவன மதுரைக்காரனா மாத்திருக்காங்க, செம

அத்தை: பொண்டாட்டிக்கு பயந்து மேடை ஏறறவரா? எங்களுக்கு ரெண்டு டிக்கெட் போடு. இவர முன்னாடி உக்கார வை

மாமா: என்ன கேக்காமயே

அத்தை: ஆமா

தம்பி: 🤣🤣

பெரியப்பா: பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சுகுண விலாச சபா ஆரம்பிச்சப்ப கூட வக்கீலும் குமாஸ்தாவும் தான் சாயங்காலம் வந்து நடிச்சாங்க. சபாபதி நாடகம் எழுதினவர் அவரு. அந்த சபாவே சின்னதா ஆரம்பிச்சது தான். அந்த வகையில உங்க மாடிய நான் ஒத்துக்கறேன்

நான்: அப்ப டிக்கெட்? 😁

பெரியப்பா: இரு வரேன்

சித்தி: சின்னவன கூட்டிட்டு வரலாமா? ஆறு வயசு

நான்: வெள்ளி வேணாம் சித்தி, நடுவுல கொஞ்ச நேரம் முழு இருட்டு, பயப்படுவான். ஞாயிறு கூட்டிட்டு வாங்க, குழந்தைங்க குடுக்கற வார்த்தை தான் அங்க எப்பவும் சூப்பர் ஹிட்

நான்: எல்லாருக்கும் ஒரு விஷயம், ஏழு மணின்னா ஏழு தான். கதவு மேடைக்கு ஒட்டியே இருக்கு, லேட்டா வந்தா நடிக்கிறவங்க கால மிதிச்சுட்டு தான் உள்ள வரணும், அதனால மூடிடுவோம். போன ஆஃப் பண்ணனும், சைலன்ட் பத்தாது, அந்த ஸ்கிரீன் வெளிச்சம் என் லைட்டிங்கையே கெடுத்துடும்

மாமா: காபி டீ?

நான்: கீழ தெரு முனைல டீக்கடை, மசால் வடை அருமையா இருக்கும். உள்ள எடுத்துட்டு வரக்கூடாது

மாமா: சரி ரயில்லயே வர்றோம்

தம்பி: வடைன்னதும் பார்க்கிங் பிரச்சினை தீந்துடுச்சு. அப்புறம் அக்கா, விஜய் சேதுபதி கூட கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல கணக்கு எழுதிட்டு இருந்தவர் தான், நீ லைட் போட்டுட்டு இருக்க, பாத்துக்கோ, நாளைக்கு எங்கள மறந்துடாத

நான்: வெட்டிப் பேச்சு வேணாம், 250 அனுப்பு

தம்பி: மாசக் கடைசி கா 🥲

பெரியப்பா: [ஸ்கிரீன்ஷாட்: ரூ. 2,000 அனுப்பப்பட்டது]

பெரியப்பா: வெள்ளிக்கு நாலு, சனிக்கு நாலு. வெள்ளிக்கிழமை நான், பெரியம்மா, அம்மா, சித்தி. சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரு, எங்க சபா பழைய செட்ல ரெண்டு பேர கூட்டிட்டு வரேன், அவங்களும் பாஸ்னு தான் கேப்பாங்க, நான் வாங்கிட்டேன்னு சொல்லிடறேன். நல்லா இல்லேன்னா டைரக்டர்ட்ட நேரா சொல்லுவேன்

நான்: பெரியப்பா ❤️❤️ தாராளமா சொல்லுங்க, ஷோ முடிஞ்சதும் எல்லாரும் அங்கயே நின்னு பேசுவாங்க

சித்தி: பாட்டிக்கு முன் வரிசை வேணுமாம், காது சரியா கேக்கலயாம்

நான்: போடறேன். ஆனா சித்தி, ரேஷன் கடை அம்மா நடுவுல முன்வரிசைய பாத்து "கார்டு எங்க"ன்னு கேப்பாங்க. அது நாடகம், பதில் சொல்லக் கூடாதுன்னு பாட்டிகிட்ட சொல்லி கூட்டிட்டு வாங்க

சித்தி: சொன்னேன். "கேட்டா சொல்லாம இருப்பாங்களா, சக்கரை போன மாசம் போடலன்னும் சொல்லுவேன்"ங்கறாங்க

நான்: சரி அந்த அக்காட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடறேன் 😅 ஞாயித்துக்கிழமைக்கு சித்தியும் சின்னவனும் ரெண்டு, தம்பி ஒண்ணு, அவன் காசு அத்தை குடுக்கறாங்களாம்

அத்தை: நான் எப்ப சொன்னேன்?