1959-இல் கைமாறவிருந்த பிஎம்டபிள்யூ இன்றைய பிஎம்டபிள்யூ ஆனது எப்படி?

கேள்வி: நெடுஞ்சாலை

அனைவருக்கும் வணக்கம். பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் வரலாற்றைச் சில நாள்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. விளம்பரங்களைப் பார்த்தால், 1916-இல் விமான என்ஜினில் தொடங்கி இன்றுவரை ஒரே நேர்கோட்டில் வளர்ந்த நிறுவனம் போலத் தோன்றுகிறது. வெள்ளையும் நீலமுமான அதன் முத்திரைகூடச் சுழலும் விமான விசிறியைக் குறிப்பதாகவே பலரும் சொல்கிறார்கள். ஆனால் 1950-களைப் பற்றிப் படித்தால், முட்டை வடிவச் சிறுவண்டிகளைச் செய்து பிழைத்துக்கொண்டு, மெர்சிடிஸ் கார்களைச் செய்யும் டைம்லர்-பென்ஸின் கைக்குப் போகவிருந்த நொடித்த நிறுவனம்தான் கண்ணில் படுகிறது.

1959-இல் நடந்தது என்ன? அந்த நிலையிலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் மெர்சிடிஸுக்கு நிகரான பெயரை எதைச் செய்து சம்பாதித்தார்கள்? உரிமையாளர்களான குவாண்ட் குடும்பத்தின் போர்க்காலச் செயல்களையும் நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது சரியா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய ஏடு

முத்திரைக் கதையை முதலில் முடித்துவிடலாம். 1917-இல் பதிவான அந்த முத்திரையின் வெள்ளையும் நீலமும் பவேரிய மாநிலத்தின் நிறங்கள். 1929-இல் வந்த ஒரு விளம்பரத்தில்தான் சுழலும் விமான விசிறியோடு அதைச் சேர்த்து வரைந்தார்கள். படம் மக்களுக்குப் பிடித்துப்போகவே, நிறுவனமும் அந்தக் கதையை அழுத்தமாக மறுக்காமல் நெடுங்காலம் ஓடவிட்டது.

நேர்கோடு என்று நீங்கள் சொல்வது உண்மையில் பல இடங்களில் அறுந்து முடிச்சுப் போடப்பட்ட கோடு. முதல் உலகப்போரில் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த ஆறு சிலிண்டர் விமான என்ஜின் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. தோற்ற ஜெர்மனி விமான என்ஜின் செய்யக்கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடுத்ததும், ரயில் வண்டிகளுக்கு பிரேக் செய்து நாளைத் தள்ளினார்கள். பிறகு 1923-இல் அதே ஃப்ரிட்ஸ் ஆர்32 மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். சிலிண்டர்கள் இரண்டும் இருபுறமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்க, சங்கிலிக்குப் பதிலாகத் தண்டின் வழியே பின்சக்கரத்தைச் சுழற்றும் அந்த அமைப்பு அவர்களுடைய பெரிய மோட்டார் சைக்கிள்களில் இன்றும் தொடர்கிறது. காரோ, 1928-இல் ஐசனாக் நகரத்து ஆலையை வாங்கியபோது உடன் வந்தது. பிஎம்டபிள்யூ பெயரில் வெளிவந்த முதல் கார், இங்கிலாந்தின் ஆஸ்டின் செவனை உரிமம் பெற்றுச் செய்ததுதான் என்பதை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை.

இரண்டாம் போர் முடிந்தபோது கார் செய்த ஐசனாக் ஆலை சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. அங்கிருந்தவர்கள் சில ஆண்டுகள் பழைய பெயரிலேயே கார் செய்து, பின்னர் வழக்கின் விளைவாக இஎம்டபிள்யூ என்று பெயரை மாற்றி, முத்திரையின் நீலத்தையும் சிவப்பாக்கிக் கொண்டார்கள். மியூனிக்கில் எஞ்சியவர்கள் பானை, சட்டி செய்து தொடங்கி, மோட்டார் சைக்கிளுக்கு வந்து, 1952-இல்தான் 501 என்ற பெரிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மேல்தட்டில் 501-உம் அதன் எட்டுச் சிலிண்டர் வடிவமான 502-உம் இருந்தன. அவற்றை வாங்கும் வசதி அன்றைய ஜெர்மனியில் சிலருக்கே இருந்தது. அமெரிக்கச் சந்தையை எண்ணிச் செய்த 507 அழகில் குறையில்லாத கார்தான், ஆனால் மொத்தம் ஏறத்தாழ 250 வண்டிகளே செய்யப்பட்டன, ஒவ்வொன்றும் நட்டம். கீழ்த்தட்டில், இத்தாலியின் ஈசோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 1955 முதல் செய்த இசெட்டா. அதன் முன்முகமே கதவு. கதவைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் அதோடு சேர்ந்து வெளியே மடங்கும். உள்ளே மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த 250 சிசி ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், 12 குதிரைத்திறன். 1,60,000-க்கும் மேல் விற்றும் பெரிய காரின் நட்டத்தை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே, அப்போதுதான் கையில் காசு பார்க்கத் தொடங்கியிருந்த நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய கார் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை.

இந்த நிலையில்தான் 1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம் கூடியது. பழைய பங்குகளின் மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, புதுப் பங்குகளைப் பழைய பங்குதாரர்களுக்குத் தராமல் டைம்லர்-பென்ஸ் தரப்புக்கே வழங்குவது நிர்வாகத்தின் திட்டம். கண்காணிப்புக் குழுவின் தலைவரான ஹான்ஸ் ஃபைத் டாய்ச்ச வங்கியைச் சேர்ந்தவர். அதே வங்கிதான் டைம்லர்-பென்ஸிலும் செல்வாக்குடன் இருந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தரகர் என்று சிறு பங்குதாரர்கள் கொதித்ததில் வியப்பில்லை. கார் விற்பனையாளர்களும் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

வாக்கு எண்ணிக்கையில் வங்கிகளை வெல்ல வழியில்லை. ஆனால் ஃப்ரிட்ரிஷ் மாதெர்ன் என்ற ஃபிராங்க்ஃபர்ட் வழக்கறிஞர் சட்டத்தில் ஒரு பிடியைக் கண்டுபிடித்தார்: ஆண்டுக் கணக்கில் குறை இருந்தால், 10 விழுக்காடு வாக்குகளைக் கொண்டே கூட்டத்தை ஒத்திவைக்கலாம். புதிய 700 காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதி நட்டத்தைப் பெருக்கிக் காட்டியிருந்தார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, டைம்லரின் கெடு அத்தோடு கடந்துபோனது. பெரும் பங்குதாரரும், சிறுவயதிலிருந்தே பார்வை பெரிதும் குன்றியவருமான ஹெர்பெர்ட் குவாண்ட், டைம்லரிலும் தமக்குப் பங்கு இருந்த நிலையில், அதற்குப் பிறகே பிஎம்டபிள்யூ பங்குகளை மேலும் வாங்கி நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தார். அவர் தனியாளாக நிறுவனத்தைக் காப்பாற்றினார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் அந்தச் சிறு பங்குதாரர்கள் கத்திப் போராடியிராவிட்டால், தாங்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சியிருக்காது என்பது என் கருத்து.

பதில் 2: பிஸ்டன்

பழைய ஏடு ஐயா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். நிறுவனம் மூச்சுவிட 700 கார் உதவியது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடல், பின்புறத்தில் மோட்டார் சைக்கிள் வழிவந்த இரட்டைச் சிலிண்டர் என்ஜின். ஆனால் பெயரை மாற்றியது 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய 1500 கார். 'புதிய வகுப்பு' என்ற வரிசையின் முதல் வண்டி அதுதான். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், 80 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் என்ஜின் என்று அமைந்த அதில் ஒரு குடும்பம் வசதியாக உட்காரவும் முடிந்தது. வளைவுகளில் ஸ்போர்ட்ஸ் காரைப் போல ஓட்டவும் முடிந்தது. மெர்சிடிஸ் வாங்குபவர் பின்னிருக்கையை எண்ணி வாங்கினார் என்றால், இதை வாங்கியவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவே வாங்கினார். மெர்சிடிஸோடு அதன் களத்தில் மோதாமல், அது விட்டுவைத்த இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம். விற்பனைத் தலைவர் பால் ஹானமன் அப்படிப்பட்ட இடைவெளிகளைத் தேடிப் பிடிப்பதில் பெயர் பெற்றவர்.

அந்த என்ஜினைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாவுசன் வடிவமைத்தபோது, பின்னாளில் கொள்ளளவைக் கூட்ட இடம் விட்டே பிளாக்கை அமைத்தார். 1.5 லிட்டரில் தொடங்கியது, 1.8 ஆகி, 2 லிட்டராகியது. 1968-இல் சிறிய இரு கதவு உடலுக்குள் அந்த 2 லிட்டர் என்ஜினை வைத்ததும் பிறந்ததுதான் 2002. அமெரிக்காவில் பிஎம்டபிள்யூவின் பெயரை நிலைநிறுத்தியது அந்த வண்டியே. அதே வார்ப்பிரும்பு பிளாக்கை அடிப்படையாகக் கொண்டு பால் ரோஷே உருவாக்கிய 1.5 லிட்டர் டர்போ என்ஜினோடு, நெல்சன் பிகே 1983-இல் பிராபம் அணிக்காக ஃபார்முலா 1 வாகையர் ஆனார். குடும்பக் காருக்காக வார்த்த பிளாக் உலகப் போட்டியை வென்றது என்பதைவிடப் பெரிய விளம்பரம் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும்?

1970 முதல் 1993 வரை தலைமை வகித்த எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம் காலத்தில் 5, 3, 7 என்ற வரிசைகள் முறையே 1972, 1975, 1977 ஆண்டுகளில் வந்தன. நான்கு சிலிண்டர்களை நிறுத்தி வைத்தது போன்ற மியூனிக் தலைமையகமும் அந்தக் காலத்தில் எழுந்ததுதான். அதற்குப் பிறகு சறுக்கல்களும் உண்டு. 1994-இல் பிரிட்டனின் ரோவரை வாங்கிப் பெரும்பணத்தை அதில் கொட்டி, 2000-இல் மினியை மட்டும் தங்களிடம் வைத்துக்கொண்டு, லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்று, மிச்சமிருந்த ரோவரைப் பெயரளவில் 10 பவுண்டுக்குக் கைகழுவினார்கள்.

பதில் 3: வைகைக்கரை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உள்ளன, அவற்றைக் கலந்துவிடக்கூடாது.

முதலாவது, நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. போர்க்காலத்தில் பிஎம்டபிள்யூ முதன்மையாக ஒரு விமான என்ஜின் நிறுவனம். ஃபோக்-வுல்ஃப் 190 போர் விமானத்தின் 801 என்ஜின் அவர்களுடையது. மியூனிக்கை அடுத்த அல்லாக் ஆலைக்காக டாகாவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று 1943-இல் அமைக்கப்பட்டு, கைதிகளும் பிடித்துவரப்பட்ட அயல்நாட்டவரும் போர்க்கைதிகளும் அங்கே ஆயிரக்கணக்கில் வேலை வாங்கப்பட்டார்கள். அப்போது குவாண்ட் குடும்பம் பிஎம்டபிள்யூவின் உரிமையாளர் அல்ல. எனவே இந்தப் பழி குடும்பத்தின் வழியாக வந்து ஒட்டியதன்று. நிறுவனத்தின் சொந்தப் பழி.

இரண்டாவது, குடும்பத்தின் கணக்கு. ஹெர்பெர்ட்டின் தந்தை குந்தர் குவாண்டின் ஆஃபா பேட்டரி நிறுவனம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு பேட்டரி செய்தது. அதன் ஹனோவர் ஆலையிலேயே ஒரு முகாம் இருந்தது. ஈயப் புகைக்கு நடுவே கைதிகள் உழைத்து மாண்டார்கள். போருக்குப் பின் நாஜிகளோடு தொடர்புடையவர்களை விசாரித்து வகைப்படுத்தியபோது, குந்தர் 'உடன்சென்றவர்' என்ற லேசான வகையில் சேர்க்கப்பட்டு விடுபட்டார். 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகே, குடும்பம் பான் பல்கலைக்கழக வரலாற்றாளர் யோவாஹிம் ஷோல்டிசெக்கிடம் ஆய்வை ஒப்படைத்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அவரது ஆய்வு 2011-இல் வெளிவந்தது. நாஜி ஆட்சியின் குற்றங்களில் குந்தரின் பங்கை அது மழுப்பவில்லை, ஹெர்பெர்ட்டுக்கும் விலக்கு அளிக்கவில்லை. இன்றும் நிறுவனத்தின் பங்குகளில் ஏறக்குறைய பாதி, ஹெர்பெர்ட்டின் மக்களான சுசான் கிளாட்டன், ஸ்டெஃபான் குவாண்ட் இருவரிடமும் இருக்கிறது.

அடிமைத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்க ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளையில் பிஎம்டபிள்யூ தொடக்கத்திலேயே இணைந்தது. 2016-இல் நூற்றாண்டு விழாவின்போது வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தது. பெரும்பாலான பாதிக்கப்பட்டவர்கள் இறந்து போன பிறகு வந்த வருத்தம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெடுஞ்சாலை

மூவருக்கும் மிக்க நன்றி. சிறு பங்குதாரர்களின் பங்கு இவ்வளவு பெரிது என்பது எனக்குப் புதிய செய்தி. ஒரு துணைக்கேள்வி: ஓட்டுவதற்கு இணையில்லை, ஆனால் வைத்துப் பராமரிக்க முடியாது என்று நம் ஊரில் இந்தக் கார்களைப் பற்றிச் சொல்கிறார்களே, அது வெறும் பேச்சா, அடிப்படை உள்ளதா?

பதில் 4: செங்கைவாசி

அடிப்படை உண்டு, ஆனால் எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. 1990-களின் இறுதியிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் வந்த பல மாடல்களில் கூலன்ட் தொட்டி, தண்ணீர்க் குழாய் இணைப்புகள் போன்றவை பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்தன. சூட்டில் காய்ந்து காய்ந்து அவை விரிசல் விடும். 2007 முதல் சில ஆண்டுகள் 320டி போன்ற கார்களில் இருந்த என்47 டீசல் என்ஜினில், வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது என்ஜினின் பின்புறம் அமைந்திருந்தது. செயின் மலிவான பொருள்தான். ஆனால் அதை எட்டுவதற்கே என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதால் கூலி பல மடங்காகிவிடும். 2018-இல் தென்கொரியாவில் டீசல் கார்கள் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, புகை மறுசுழற்சிக் குளிர்விப்பானின் குறைபாட்டுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

பெயரைக் கெடுத்தது பொறியியல் மட்டுமன்று. டீசல் புகையைத் தூய்மைப்படுத்தும் தொழில்நுட்பத்தில் ஒருவரோடு ஒருவர் போட்டியிடாமல் இருக்க டைம்லர், ஃபோக்ஸ்வாகன் குழுமங்களோடு கூட்டுச் சேர்ந்ததற்காக 2021-இல் ஐரோப்பிய ஆணையம் பிஎம்டபிள்யூவுக்கு ஏறத்தாழ 37.3 கோடி யூரோ அபராதம் விதித்தது. டைம்லர் முன்கூட்டியே போய் உண்மையைச் சொன்னதால் அபராதத்திலிருந்து தப்பியது. இருக்கையைச் சூடாக்கும் வசதி வண்டிக்குள்ளேயே இருக்க, அதைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டதும், எதிர்ப்பு கிளம்பியதும் 2023-இல் கைவிட்டதும் எல்லோரும் அறிந்ததே.

நம் ஊர் நிலவரத்தைச் சொல்வதானால், செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச் முதல் அவர்களுடைய ஆலை இயங்குகிறது. பாகங்களாக வரும் வண்டிகள் அங்கே பூட்டப்படுகின்றன. என்ஜின்களையும் அருகிலேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டுகிறார்கள். ஓசூரில் டிவிஎஸ் தயாரிக்கும் ஜி310 மோட்டார் சைக்கிள்கள் ஏற்றுமதியும் ஆயின. இங்கே பூட்டினாலும் பாகங்களில் கணிசமானவை வெளிநாட்டிலிருந்து வருவதால் ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறைந்துவிடுவதில்லை. இன்னொன்று, பல மாடல்களில் காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களைப் போட்டு, ஸ்டெப்னியையே எடுத்துவிட்டார்கள். ஜெர்மன் சாலைக்கு அது பொருத்தமாக இருக்கலாம். பக்கச்சுவர் விறைப்பான அந்த டயர் நம் ஊர்க் குழியில் அடிபட்டு வீங்கினால், ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வழியில்லை, புதிது வாங்குவது ஒன்றே வழி.

பழைய வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால், முழு சர்வீஸ் பதிவு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ஸ்டார்ட் செய்து, டீசலானால் பின்பக்கத்திலிருந்து செயின் உரசும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். கூலன்ட் அளவையும் தொட்டியின் விளிம்பையும் பாருங்கள். நான்கு டயர்களின் விலையையும் பேரம் பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.