காம்ப்ரிஹென்சிவ் வைவா எதற்கு?

கிண்டி_ஸ்காலர்: பிஎச்டியில் சேர்ந்து கோர்ஸ்வொர்க்கில், அதாவது ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்களில், 55 சதவீதம் எடுத்தாயிற்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன்னால் நின்று பதிலும் சொல்கிறோம், அப்புறம் எதற்கு காம்ப்ரிஹென்சிவ் வைவா என்று துறையின் அடிப்படைகளைக் கேட்கும் ஒரு வாய்மொழித் தேர்வு? யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறை கேட்பது குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க். இந்த வைவா நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

தரமணி மீனா: சேர்த்தது நல்லதுக்குத்தான் தம்பி. கோர்ஸ்வொர்க்கில் பல இடங்களில் கைடே பாடம் எடுத்து கைடே மார்க் போடுகிறார், அதற்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். எங்கள் துறையில் மெஷின் லேர்னிங்கில் பேப்பர் போட்ட ஒருவரிடம் அதற்கு அடிப்படையான கணிதத்திலிருந்து ஐகன்வெக்டர் என்றால் என்ன, போர்டில் வரைந்து காட்டுங்கள் என்றார்கள். மார்க்கரைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். ஐந்தாம் வருடம் தெரிவதைவிட இப்போதே தெரிந்தது அவருக்குத்தான் நல்லது.

கிண்டி_ஸ்காலர்: அடிப்படை வேண்டாம் என்று யார் சொன்னது மேடம்? எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். நண்பன் சிலபஸ் கேட்டான், "எல்லாமே" என்று பதில் வந்தது. அவன் வேலை கான்கிரீட்டில், ஆனால் குழுவுக்கு வந்தவர் மண் இயக்கவியல்காரர் என்பதால் முக்கால்வாசி நேரம் மண்தான். ஃபெயிலானால் மறுபடி நடத்த எல்லாப் பேராசிரியர்களுக்கும் ஒத்துவரும் தேதி கிடைக்கவேண்டும், அதுவரை ரிஜிஸ்ட்ரேஷன் உறுதியாகாமல் தொங்கும்.

அண்ணாநகர் சுப்பு: அமெரிக்காவிலும் பிஎச்டி மாணவர்களுக்கு பிரிலிம்ஸ் என்று இதே மாதிரி ஒரு தேர்வு உண்டு, கடுமையாகவே இருக்கும். ஆனால் பல துறைகளில் வாசிப்புப் பட்டியல் முன்னாலேயே கையில் கொடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் இரண்டு வாய்ப்பு, அதிலும் போனால் மாஸ்டர்ஸ் பட்டத்தோடு வெளியே வரலாம். இங்கே பெரும்பாலும் எம்.இ. முடித்துவிட்டுத்தானே பிஎச்டிக்கே வருகிறான், தோற்றால் வெறுங்கை. பேசாமல் எழுத்துத் தேர்வாக்கிவிடலாம்.

தரமணி மீனா: எழுத்துத் தேர்வா! அடுத்த செமஸ்டரே ஜெராக்ஸ் கடையில் வினா-விடை தொங்கும் சார். 2024 ஜூன் 18 நடந்த நெட் தேர்வு (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) வினாத்தாள் கசிவுச் சந்தேகத்தில் மறுநாளே ரத்தானதை மறந்துவிட்டீர்களா? எதிரே உட்கார்ந்து "ஏன்" என்று கேட்டால் தப்ப முடியாது, அதுதான் வைவா.

கிண்டி_ஸ்காலர்: வைவாவே இருக்கட்டும். மூன்று பாடம் என்று ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுங்கள், ஃபெயில் போட்டால் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

தரமணி மீனா: கையெழுத்துக்குச் சரி. மூன்று பாடத்துக்கு மாட்டேன், பிளஸ் டூவா நடத்துகிறோம்?