மெண்டி ரைட் பேக்கா ஸ்டாப்பரா? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா

வியாசை_விங்கர்:
அண்ணாமாருங்களே ஒரு டவுட்டு. நான் வியாசர்பாடி, சின்ன வயசுலேர்ந்து ரைட் விங்குல தான் ஓடிக்கினு இருந்தேன், போன வருஷம் மாஸ்டர் ரைட் பேக்குக்கு, அதான் வலது பக்க டிஃபென்ஸுக்கு, இறக்கினாரு, சரின்னு ஆடுனேன், இப்போ எங்க ஸ்டாப்பர் பையன், அதான் கோலுக்கு முன்னால நடு டிஃபென்ஸ்ல நிக்கிறவன், வேலைக்குப் போயிட்டான்னு என்னை நடுவுல நிறுத்திட்டாரு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நின்னேன், அதுக்கு "நம்ம ஐஎஸ்எல் டீம் சென்னையின் எஃப்சில ஆடுன மெண்டியே இப்படித்தாண்டா, போய்ப் பாரு"ன்றாரு. தேடுனா நாலஞ்சு மெண்டி வர்றாங்க. இதுல நம்மாளு யாரு?

பேசின்பிரிட்ஜ்_பாய்:
ரியல் மாட்ரிட் மெண்டி தான்பா. லெஃப்ட் பேக்.

கொருக்குப்பேட்டை_கோலி:
டேய் அது ஃபெர்லாண்ட், இன்னும் ஆடிக்கினு கீறான். 2018 வேர்ல்டு கப் பிரான்ஸ் டீம்ல இருந்தவன் பெஞ்சமின், செல்சியில கோல்கீப்பரா நின்னவன் எட்வார்ட், அவன் செனகல். தம்பி கேக்குறது பெர்னார்ட் மெண்டி. 1981ல பொறந்தவரு, பிரான்ஸ்ல கான் (Caen) கிளப்புல ஆரம்பிச்சு 2000லேர்ந்து 2008 வரைக்கும் பாரிஸ் பிஎஸ்ஜி, நடுவுல ஒரு சீசன் லோன்ல இங்கிலாந்து போல்டன். அப்புறம் அங்கயே ஹல் சிட்டி, டென்மார்க்ல ஒடென்ஸ, திரும்ப பிரான்ஸ்ல பிரெஸ்ட், அதுக்கு மேல தான் 2014ல நம்மூரு. பிரான்ஸ் டீமுக்கு 3 மேட்ச் தான், ஆனா அதுல ஒண்ணு போதும், 2004 மே மாசம் பிரேசிலோட 0-0 டிரா, பந்த முன்னால தள்ளிவிட்டுட்டு ராபர்டோ கார்லோஸையே ஓட்டத்துல தாண்டிப் போனாரு பாரு, அந்த வீடியோவ தேடிப் பாத்துடு. அவ்ளோ ஸ்பீடு, கிராஸ் போட்டா மட்டும் எப்போ எங்க போவும்னு சொல்ல முடியாது, பாரிஸ்காரங்களே திட்டுவாங்க. ஆனா 2008 லீக் கப் ஃபைனல்ல லான்ஸ் டீமோட 1-1ல நிக்கும்போது இஞ்சுரி டைம் பெனால்டிய அடிச்சு கப்ப வாங்கிக் குடுத்ததும் இவரே தான்.

ராயபுரம்_நைனா:
உன் கேள்விக்கு பதில் தம்பி, ரெண்டும் தான். ஐரோப்பால ரைட் பேக், சில மேட்ச் விங்குலயும் ஆடுவாரு, இங்க வந்தப்போ முப்பத்து மூணு வயசு, அப்போ நம்ம கோச் மாட்டராஸி நடுவுல நிறுத்தினாரு. 2014ல மான்செஸ்டர் யுனைடெட்ல ஆடுன சில்வெஸ்ட்ரும் நம்ம டீம் தான், ரெண்டு பிரெஞ்சுக்காரங்க பின்னால, கடைசில செமில கேரளா கிட்ட போச்சு, அத விடு. நான் அப்போ ஜீவா ஸ்டேஷன்ல ஏறி சென்ட்ரல்ல இறங்கி பெரியமேடு நடந்தே போவேன். டிவில பந்து போற பக்கம் தான் காட்டுவான், ஸ்டேடியத்துல ஸ்டாப்பர மட்டும் பாரு, பந்து அந்தாண்ட இருக்கும்போது எங்க நிக்கிறான்றது தான் அந்த வேலையே.

2015 வெள்ளத்துல செமி ஹோம் மேட்சையே புனேவுக்குத் தூக்கிட்டாங்க, அங்க போயி கொல்கத்தாவ 3-0. டிசம்பர் 20 ஃபைனல், கோவால. எங்க வீட்டு செவுத்துல இடுப்பளவுக்கு தண்ணி நின்ன கறை அப்படியே இருந்துச்சு, டிவி பரண் மேல வச்சிருந்ததால தப்பிச்சிது. 87வது நிமிஷம் கோவா 2-1 போட்டதும் எங்கப்பா எழுந்து படுக்கப் போயிட்டாரு, 90ல அவனுங்க கோல்கீப்பரே உள்ள தள்ளிக்கிட்டான், அடுத்து நம்ம மெண்டோசா ஒண்ணு அடிச்சான், 3-2 கப்பு. நாங்க கத்துனதுல அப்பா வெள்ளம் திரும்ப வந்துடுச்சுன்னு பதறினு வெளிய ஓடி வந்தாரு.

வியாசை_விங்கர்:
😂 அண்ணா சூப்பர். ராபர்டோ கார்லோஸ் வீடியோ பத்து வாட்டி பாத்துட்டேன். ஆனா ஒரு மேட்டர், எனக்கு ஹெட்டர் வராதே, உயரமும் அஞ்சரை அடி தான்.

ராயபுரம்_நைனா:
அப்போ குதிக்காத. அவன் குதிக்கறதுக்கு முன்னாடியே தோள வச்சி லேசா அண்ட குடுத்துடு, கையி மட்டும் மேல போவக் கூடாது, ரெஃப்ரி ஊதிடுவான்.

வியாசை_விங்கர்:
இன்னிக்கு சாயந்திரம் டிரை பண்ணேன். ஊதிட்டாரு.