'கவுன்டர்ஃபேக்சுவல்' என்பதற்கு ஒரு சொல் தேவை

தங்கச்சிமடத்திலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கிச் சூட்டைக் குறைக்கும் சமூகத் திட்டங்களைப் பற்றி நான் எழுதும் கட்டுரை ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. திட்டம் உங்களுக்குத் தெரியும். தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கினின் முயற்சியில், 2000இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் தொடங்கியது. அதே தெருவில் வளர்ந்தவர்கள், சிறைக்குப் போய்த் திரும்பியவர்களும் கூட, சம்பளத்துக்கு அமர்ந்து, பழிக்குப் பழி கிளம்புமுன் இரு தரப்பையும் பேசித் தணிக்கிறார்கள். இவர்களை 'வன்முறை இடைமறிப்பாளர்' என்று எழுதிவிட்டேன். பலனை அளக்கும் இடத்தில்தான் சிக்கல்.

திட்டம் வராமலே இருந்திருந்தால் அந்தத் தெருவில் எத்தனை பேர் சுடப்பட்டிருப்பார்கள்? யாரும் கண்ணால் காண முடியாத அந்த எண்ணைக் கணித்து, நடந்ததோடு ஒப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கவுன்டர்ஃபேக்சுவல்' எனப்படும் அந்த நடவாத நிலைக்குத்தான் சொல் தேடுகிறேன். 'எதிர்மெய்ம்மை' என்றால் பொய் என்று படுகிறது. 'கற்பனைநிலை' என்றால் ஆய்வாளர் கதை கட்டியதாக ஆகிவிடும்.

நம் கரையில் இது புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. தடை முடிந்து முதல் முறை போய்வந்த படகிலிருந்து இறால் பெட்டி பெட்டியாக இறங்கினால் 'தடைக்காலம் பலித்தது' என்கிறோம். தடையே இல்லாதிருந்தால் அந்த ஜூனில் என்ன கிடைத்திருக்கும்? கிழக்குக் கரை முழுவதும் ஒரே நாளில் நிற்பதால், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒரு துறையும் இல்லை.

அமெரிக்காவில் ஒப்பிடத் திட்டம் போகாத தெருக்கள் உண்டு. ஆனால் சூடு உச்சத்தில் இருக்கும் பகுதியாகப் பார்த்துத்தான் திட்டத்தை வைக்கிறார்கள். உச்சத்துக்குப் போனது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடலாமா? மறுபக்கமும் உண்டு. 2020இல் அமெரிக்கா முழுவதும் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடின. அந்த ஆண்டில் 10 விழுக்காடு மட்டுமே கூடிய பகுதி ஒன்று இருந்தால், அங்கே திட்டம் தோற்றது என்போமா?

என் முன்மொழிவு: 'தலையிடாநிலை'.

கீழக்கரையிலிருந்து:

காக்கா, தலையீடு என்றாலே இங்கே அரசியல்வாதிதான் நினைவுக்கு வருகிறார். ஊர்ப்பையன்கள் பேசித் தணிப்பதற்கு அந்த வாடை வேண்டாம். 'இன்றேல்நிலை' என்று வைத்தால் என்ன? வரி நோட்டீஸில் 'இன்றேல் அபராதம்' என்று படிக்காதவர் யார்? வேற்றுமை உருபும் தடங்கலின்றி ஏறுகிறது: 'இன்றேல்நிலையோடு ஒப்பிட்டால்தான் குறைவு தெரியும்.'

தொண்டியிலிருந்து:

தம்பியின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, மிரட்டல் தொனி ஒன்றைத் தவிர. அது பழகப் பழகப் போய்விடும்.

நடவாததற்குப் பெயர் வைக்குமுன், நடந்ததை ஒழுங்காக எண்ணுகிறார்களா என்றும் கட்டுரையில் கேளுங்கள். நான் வேலை பார்த்த அவசரப் பிரிவில், வலைத் தகராறில் மண்டை உடைந்து வந்தவர் 'படகில் வழுக்கி விழுந்தேன்' என்பார். பதிவேட்டிலும் அப்படியே ஏறும். கூட வந்தவர் வாசலில் சமாதானம் பேசிக்கொண்டிருப்பார். வேல்ஸின் கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர் இதைத்தான் கண்டார்: மருத்துவமனைக்கு வந்த வன்முறைக் காயங்களில் பெரும்பகுதி காவல்துறைக் கணக்கில் இல்லை. குண்டுக்காயத்தை மறைப்பது கடினம்தான். ஆனால் குறி தவறிய சூடு எந்த மருத்துவமனைக்கும் வராது.

தங்கச்சிமடத்திலிருந்து:

அக்கா சொன்னதற்குத் தனிப் பத்தியே ஒதுக்குகிறேன். 'இன்றேல்நிலை'யை எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் போடும் எண்ணை 'இன்றேல் கணிப்பு' என்று பிரித்து எழுதலாம். இரண்டையும் குழப்பினால் கணிப்பையே உண்மை என்று வாசகர் நம்பிவிடுவார்.

இன்னும் ஒன்றுக்குச் சொல் பாக்கி. திட்டம் இல்லாத பல பகுதிகளை ஏற்ற விகிதத்தில் கலந்து, திட்டப் பகுதியின் பழைய வரைகோட்டோடு ஒத்துப்போகும் ஒரு பகுதியைக் கணக்கில் உண்டாக்கும் முறை. அபாடியும் கார்டியசாபலும் 2003இல், ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் பயங்கரவாதத்தால் வந்த பொருளாதார இழப்பை அளக்கக் கையாண்டது. ஆங்கிலத்தில் 'சிந்தெடிக் கன்ட்ரோல்' என்று உள்ளபடி 'செயற்கை' என்று தொடங்கினால் போலி என்று தோன்றும். 'கலவை ஒப்பீடு' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது.