கூடலூர், பந்தலூரில் சிக்கிள் செல் மருந்து ஆய்வு: நடத்தலாமா, கூடாதா?

குன்னூர்_மருந்தியல்:
சிவப்பணு அரிவாள்போல் வளைந்து எளிதில் உடையும் பரம்பரை நோய்தான் சிக்கிள் செல். இந்தியாவில் அது முதலில் தெரிய வந்தது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். இன்றும் புது மருந்தின் அளவை வெளிநாட்டு நோயாளிகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆய்வு இங்கேயும் நடக்கணும். 2019 மருந்து ஆய்வு விதிகளில் பாதுகாப்பு இருக்கிறது: ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர், அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், கடும் பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்தில் தகவல், ஆய்வால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு.

பந்தலூர்_செவிலி:
விதி ஏட்டில் இருக்கு சார். இங்குள்ள பணியர் பழங்குடிகளின் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. பக்கம் பக்கமாகத் தமிழில் படிவத்தை வாசித்துக் காட்டினால் அவருக்கு என்ன போய்ச் சேரும்? கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சி ஆய்வோடு சம்பந்தமில்லாதவராக இருக்கணும். அவசரத்தில் வார்டு ஆயாவைக் கூப்பிட்டு நிறுத்தினால் அது சாட்சியா? டாக்டர் எதிரில் அந்தம்மா வாய் திறப்பாரா? வோக்ஸெலோட்டர் என்ற சிக்கிள் செல் மருந்தின் கதையையும் மறக்காதீங்க. 2019இல் அமெரிக்காவில் அனுமதி, 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

குன்னூர்_மருந்தியல்:
அந்த மருந்து எடுத்தவர்களிடம் வலி நெருக்கடியும் (திடீரென வரும் கடும் வலி) சாவும் கூடுவது ஆய்வுகளில் கண்காணித்ததால்தானே வெளியே வந்தது, சிஸ்டர்? ஆய்வே இல்லையென்றால் மருந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

கோத்தகிரி_லேப்:
இருவரும் ரத்த மாதிரியை விட்டுட்டீங்க. குழாய் ஐஸ் பேக்கில் நேராகப் பட்டால் ரத்தம் உறைந்து சிவப்பணு உடையும். சிக்கிள் செல் ஆய்வில் அளப்பதே அணு எவ்வளவு உடைகிறது என்பதை. அப்புறம் அந்த ரிசல்ட்டை நம்பி என்ன பயன்? நடுவில் மடித்த துணியோ அட்டையோ வைக்கணும், பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி. ஆடி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் பெட்டியும் போகாது, நோயாளியும் வரமாட்டார். ஹைட்ராக்ஸியூரியா, அதாவது இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தின் அளவைக் கூட்டும் காலத்தில் ரத்த எண்ணிக்கை தவறினால், வெள்ளணு இறங்குவது காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியும். அந்த மாதங்களில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

குன்னூர்_மருந்தியல்:
மழைக்காலம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். இன்னொன்று: ஆய்விடத்துக்குச் சொந்த நெறிமுறைக் குழு இல்லையென்றால் அதே ஊரிலோ 50 கி.மீ. வட்டத்துக்குள்ளோ இருக்கும் குழுதான் ஒப்புதல் தரலாம். கூடலூருக்குக் கோவை அந்த வட்டத்தில் வராது, ஊட்டி வரும். மலை ரோடு தெரிந்தவர்கள் குழுவில் உட்காருவது நல்லதுதானே?

பந்தலூர்_செவிலி:
குழு ஊட்டியில் இருக்கட்டும் சார், எனக்கு வேண்டியது வேறு. ஒப்புதலை வீடியோ எடுப்பது, எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களிடம் புது மூலக்கூறை (இதற்கு முன் மருந்தாக வராத பொருளை) சோதிக்கும்போதுதான் கட்டாயம். பழைய மருந்தைப் புது அளவில் கொடுக்கும் ஆய்விலும் இங்கே எடுங்க. மறுநாள் அவர் மொழி பேசும் ஒருவரை வைத்து மூணே கேள்வி: இது சிகிச்சையா, சோதனையா? வேண்டாமென்றால் வழக்கமான மாத்திரை கிடைக்குமா? பாதியில் விலகலாமா? அவர் வாயால் பதில் வரலைன்னா சேர்க்காதீங்க.

குன்னூர்_மருந்தியல்:
மறுநாள் கேட்பது சரி, அதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடலாம். ஒரு பதில் தடுமாறியதற்காக ஆளை ஒரேயடியாக ஒதுக்குவதைத்தான் ஏற்க மாட்டேன். திரும்ப விளக்கி இன்னொரு நாள் கேட்கலாம்.

பந்தலூர்_செவிலி:
கேளுங்க. ஆனால் கேட்பவர் ஆய்வுக்காகச் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. அதையும் சேர்த்து எழுதுங்க.