சொந்த லாரி எடுக்கலாமா, சம்பளத்துக்கே ஓட்டலாமா? கடலூர், பாண்டி பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

ரெட்டிச்சாவடி டிரைவர்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 33. ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருஷம் ஆகுது. அதுல ஆறு வருஷமா ஒரே ஓனர்கிட்ட, ஒரே பத்து சக்கர வண்டி. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் (நம்ம பாண்டி மேட்டுப்பாளையம், ஊட்டி அடிவாரம் இல்ல) லோடு, பெரும்பாலும் பெங்களூரு. ஓனருக்கு உடம்பு முடியல, வண்டிய 17 லட்சத்துக்கு என்கிட்டயே தர்றேங்கறார். 2018 மாடல், பி.எஸ். 4 (பழைய புகை விதி எஞ்சின்), பி.ஒய். 01 (பாண்டி) நம்பர். கையில 5 லட்சம் இருக்கு, வீட்டு நகையைத் தொடாம. மீதி 12 லட்சம் பைனான்ஸ், 36 மாசம், வட்டி 9 பர்சண்ட்னு சொல்றாங்க. இப்ப சம்பளம் பேட்டா எல்லாம் சேர்ந்து மாசம் 28,000 நிக்குது. வண்டி வாங்கினவங்களும் சொல்லுங்க, வித்தவங்களும் சொல்லுங்க.

பத்து சக்கரம்:
தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? எடு. பழைய வண்டி வாங்குறவன் கண்ணைக் கட்டிக்கிட்டு வாங்குறான். நான் மொத வண்டி நாமக்கல்ல எடுத்தேன், ஆறு சக்கரம், மூணு ஓனர் மாறினது. வாங்கின இருபதாம் நாள் எஞ்சின் இறக்கினேன். உனக்கு அந்தப் பயமே இல்ல. எந்த கியர் முனகும், எந்த டயர் ரீட்ரெட், ரேடியேட்டர் எப்ப மாத்தினது, எல்லாம் உன் கைக்குத் தெரியும். பி.எஸ். 4லயே புகையைச் சுத்தம் பண்ண யூரியா ஊத்துற மாடலும் உண்டு, உன்னோடது அது இல்லைன்னா அந்த வேலையும் மிச்சம். முதுநகர்ல ஒத்த வண்டியோட ஆரம்பிச்ச எனக்கு இப்ப ரெண்டு ஓடுது.

கணக்குப்பிள்ளை:
ஒரு லாரி வச்சிருந்து வித்தவன் நான். இப்ப பாண்டியில ஒரு புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன். அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

முதல்ல அந்த 9 பர்சண்ட். அது பிளாட் வட்டியான்னு (அசல் குறைஞ்சாலும் கடைசி வரைக்கும் முழுக் கடனுக்கும் போடுற வட்டி) கேளுங்க, அநேகமா அதுதான். 12 லட்சத்துக்கு மூணு வருஷ வட்டி 3,24,000. மொத்தம் 15,24,000, மாச டியூ 42,333. குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டா இது 16 பர்சண்ட்டுக்கு மேல. பேங்க்ல 14 பர்சண்ட்னு சொன்னா கூடன்னு நினைச்சு ஓடி வந்துடாதீங்க, அங்க டியூ 41,000தான் வரும்.

அடுத்து ஒரு நடை. பெங்களூரு போக வர 620 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கொடுத்தா 155 லிட்டர், பாண்டி டீசல் 87 ரூபாய்னு வச்சா 13,500. டோல் 2,800, கமிஷன் 1,000, ஏத்து இறக்கு மாமூல் 1,500. ஆக 18,800. போற வாடகை 25,000னு வைங்க. திரும்ப காலியா வந்தா கையில 6,200. மாசம் ஆறு நடை அடிச்சாலும் 37,000. டியூவுக்கே 5,000 துண்டு விழுது. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) பக்கமே நான் இன்னும் போகல.

பத்து சக்கரம்:
கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா மாசம் முழுக்க காலியா திரும்புறவன் லாரிக்காரனா? ஓசூர்லயோ பெங்களூர்லயோ 15,000க்கு ரிட்டர்ன் பிடிச்சா நடைக்கு இன்னும் 13,500 சேருது. அதையும் எழுதுங்க சார்.

கணக்குப்பிள்ளை:
எழுதுறேன். ரிட்டர்னோட நடைக்கு 19,700. ஆனா ரிட்டர்ன் ஆர்டருக்கு ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள் உட்காரணும். ஆறு நடை அஞ்சாகும். 98,500. டியூ போனா 56,000. டயர் கிலோமீட்டருக்கு 3 ரூபாய்னு வச்சா மாசம் 9,300. இன்சூரன்ஸ் 5,000: தேர்ட் பார்ட்டி மட்டுமே 20 டன்னுக்கு மேல 40 டன் வரைக்கும் 43,950, 2022ல நிர்ணயிச்சது, ஜி.எஸ்.டி. தனி. நேஷனல் பர்மிட் வருஷம் 16,500, அதோட ரோடு டாக்ஸ், எஃப்.சி. எல்லாம் மாசத்துக்கு 3,000. ஆயில், சர்வீஸ் 6,000. மிச்சம் கிட்டத்தட்ட 33,000. இப்ப 28,000 வாங்குறார். அஞ்சாயிரம் கூடக் கிடைக்குதுன்னு அஞ்சு லட்சத்தைப் போட்டுட்டு ராத்திரி தூக்கத்தை அடகு வைக்கணுமா?

பத்து சக்கரம்:
இங்கதான் தப்பு பண்றீங்க. அந்த 42,000 காத்துல போகல, முக்காவாசி அசல். முப்பத்தாறாவது மாசம் வண்டி அவனோடது. சம்பளத்துக்கு ஓட்டினா அப்ப கையில என்ன இருக்கும், முதுகு வலியைத் தவிர?

கணக்குப்பிள்ளை:
பதினோரு வருஷ வண்டி இருக்கும். எட்டு வருஷம் தாண்டினாலே எஃப்.சி. வருஷா வருஷம். 12 வருஷம் ஆனா நேஷனல் பர்மிட்டும் கிடையாது.

கோரிமேடு:
சின்ன திருத்தம். 12 வருஷம் ரெண்டு ஆக்சில் (அச்சு) வண்டிக்கு. பத்து சக்கரம் மல்டி ஆக்சில், 15 வருஷம் வரைக்கும் கிடைக்கும். இன்னொண்ணு, 2018 மாடல்னா ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. அந்த வருஷம் ஜூலையிலதான் மூணு ஆக்சிலுக்கு மொத்த எடையை (வண்டியும் லோடும் சேர்த்து) 25 டன்ல இருந்து 28.5 டன்னா ஏத்தினாங்க. ஆர்.சி.யில 25னே இருந்தா, 28.5 இருக்கிறவன் ஏத்துற லோடை உங்களால ஏத்த முடியாது. ஓவர்லோடு பிடிச்சா 20,000, மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதிகப் பாரத்தை இறக்கவும் சொல்லுவாங்க.

முந்திரிக்காடு:
நான் பண்ருட்டி. எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி? 5 லட்சத்துல சின்ன வண்டி எடுங்க. மொத்த எடை 3 டன்னுக்குள்ள இருந்தா பர்மிட்டே வேணாம். 7.5 டன் வரைக்கும் கார் லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. பலாப்பழ சீசன்ல கோயம்பேட்டுக்கு ராத்திரி கிளம்பினா விடியறதுக்குள்ள இறக்கிடலாம், காசு கையில.

பத்து சக்கரம்:
சீசன் முடிஞ்சா? கார் லைசென்ஸே போதும்னு ஆனதாலதான் சின்ன வண்டி ஸ்டாண்டுல இத்தனை கூட்டம். ஒன்பது வருஷ ஹெவி அனுபவத்தை பலாப்பழத்துக்கு அடியில புதைக்கச் சொல்றீங்க.

முந்திரிக்காடு:
பலாப்பழம் மட்டுமா அண்ணே, முந்திரி இருக்கு, துறைமுகத்து மீன் இருக்கு. சரி, உங்க இஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
ரெட்டிச்சாவடி தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க ஓனர் வண்டிய விக்கிறார். லோடையும் விக்கிறாரா?

ஆறு வருஷமா சேதராப்பட்டு கேட்டுக்குள்ள நீங்க போனது உங்க முகத்துக்காக இல்ல, அவர் பேருக்காக. கம்பெனியோட பேசி வச்சது அவர். நாளைக்கு அதே வண்டி, அதே டிரைவர், ஆனா மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல்ல எல்லாரோடயும் சேர்ந்து புரோக்கர் போனுக்காக நிக்கணும். அங்க 25,000 வாடகை எங்க வழியா வந்தா உங்க கைக்கு 22,500. நான் எழுதுற புத்தகத்துலயே பார்க்கிறேன், எங்க முதலாளி படிச்சாலும் பரவாயில்ல. அட்வான்ஸ் 70, 80 பர்சண்ட் தருவாங்க. பாலன்ஸ்? பி.ஓ.டி. (சரக்கு போய்ச் சேர்ந்த ரசீது) குடு, ஷார்டேஜ் பார்க்கணும், அடுத்த வாரம் வா. என் வண்டிய வித்த காரணம் டீசலும் இல்ல, டயரும் இல்ல. ஒரு இடத்துல நாலு நடை பாலன்ஸ் 40 நாள் நின்னுச்சு. டியூ தேதி 5. அவ்வளவுதான் கதை.

கோரிமேடு:
அதுக்குத்தான் உத்யம் பதிவு இருக்கு. சிறு தொழில்னு பதிஞ்சுட்டா 45 நாளுக்கு மேல பாக்கி வச்சா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். சட்டம் 2006லயே வந்தாச்சு.

கணக்குப்பிள்ளை:
கேட்கலாம் சார். அடுத்த லோடு யார் தருவா?

பத்து சக்கரம்:
இந்த ஒரு விஷயத்துல கணக்குப்பிள்ளை சொல்றது சரி. நானும் முதல் ஆறு மாசம் ஒரே ஆபீஸை நம்பி அடிபட்டேன். அதுக்கு வண்டியே எடுக்காதேன்னு அர்த்தம் இல்ல, டியூ மூணு மாசத்துக்கு ஒதுக்கி வச்சுட்டு எடுன்னு அர்த்தம். ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப, 2024 டிசம்பர் முதல் வாரம், தென்பெண்ணையில தண்ணி வந்து, அரசூர்ல ரோடே மூழ்கிப் போச்சு. என் ரெண்டு வண்டியும் பத்து நாள் நகரல. பைனான்ஸ்காரனுக்கு மழையா வெயிலா? போன் கரெக்டா 5ஆம் தேதி வந்துச்சு.

ரெட்டிச்சாவடி டிரைவர்:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், லோடுல இருந்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் கேட்டதை நேத்து ஓனர்கிட்ட அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், கம்பெனி லோடு பையன்தான் பார்த்துக்கப் போறான், அவன் புதுசா ரெண்டு வண்டி எடுக்கிறான், ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18 ஆனதுல விலை இறங்கியிருக்குன்னார். உனக்கும் லோடு தருவான், அவன்கிட்ட கமிஷன் பேசிக்கோன்னார்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீங்களா. புது வண்டி காலியா நிக்கும்போது பழைய டிரைவரோட வண்டிக்கா முதல் லோடு வரும்?

பத்து சக்கரம்:
அப்ப 17 லட்சம் ஜாஸ்தி. லோடோட இருந்தாத்தான் அந்த விலை. 14 கேளு, 15ல முடி. கடன் 12க்குப் பதிலா 10 எடு, டியூ 35,000 சொச்சம் ஆகும். அந்தப் பையன்கிட்ட மாசத்துக்கு எத்தனை நடைன்னு வாயால வேணாம், ஒரு தாள்ல எழுதி வாங்கு. எழுதித் தரலைன்னா, கணக்குப்பிள்ளை சொல்றதை நானும் யோசிப்பேன்.

கணக்குப்பிள்ளை:
கடன் 10 எடுத்தா கையில இருக்கிற 5ம் வண்டிக்கே போயிடும். நீங்க ஒதுக்கச் சொன்ன மூணு மாச டியூ எங்க இருந்து வரும்?

பத்து சக்கரம்:
அப்ப 11.

கோரிமேடு:
வாங்குறதா முடிவு பண்ணினா ரெண்டு வேலை மறந்துடாதீங்க. வண்டி பி.ஒய். 01, உங்க அட்ரஸ் கடலூர் மாவட்டம். என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கி டி.என். 31 (கடலூர்) நம்பருக்கு மாத்தணும், டாக்ஸும் தமிழ்நாட்டுல கட்டணும். அதுக்கு முன்னாடி இ-சலான் (ஆன்லைன் அபராதம்) பாக்கி எதுவும் இருக்கான்னு பாருங்க. அப்புறம், இதுவரைக்கும் சம்பள டிரைவர்ங்கறதால ஓனரோட பாலிசியில உங்களுக்குப் பாதுகாப்பு இருந்துச்சு. இனிமே ஓனரே நீங்க. ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் விபத்து காப்பீடு பாலிசியில இருக்கான்னு பாருங்க. லைசென்ஸ் ஒருநாள் காலாவதி ஆனாலும் அது கிடைக்காது.

ரெட்டிச்சாவடி டிரைவர்:
ஆர்.சி. பார்த்தேன் அண்ணே. 25 டன்னுதான் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ஓனர் வீட்டுக்குப் போறேன். 14ல ஆரம்பிக்கிறேன்.