சுருங்கிப்போன 135 அடி ஃபிலிம்: ஒலியோடு ஸ்கேன் செய்ய இடம் தேவை

ஹட்டனில் மூடப்பட்ட ஒரு தியேட்டரின் தகர டின்னில் பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படமொன்றின் வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 35 மி.மீ., 4 துண்டு, மொத்தம் 135 அடி, அதாவது ஒன்றரை நிமிடம். இப்போது பார்க்கக் கிடைக்கும் பிரதியில் இந்தக் காட்சிகள் இல்லை. ஓரத்தில் ஒலித்தடம் இருப்பதால், எடிட்டிங் மேசையில் கழித்ததல்ல, ஓடிய பிரதியிலிருந்து வெட்டியது என்றே படுகிறது.

வினாகிரி வாடை அடிக்கிறது, ஃபிலிம் சிதைவதன் அறிகுறி. ஓரத்துளை 100க்கு 475 மி.மீ. நீளம் வரவேண்டும், 470தான் வருகிறது. ஒரு சதவீதத்துக்கு மேல் சுருக்கம், புரொஜெக்டர் பல் கிழித்துவிடும். கையால் சுற்றியதிலேயே துண்டுகளை ஒட்டியிருந்த இரண்டு இடம் விட்டுப்போனது. லைட் பெட்டியில் வைத்து ஃபோனில் எடுத்தால் படம் தெளிவு, ஒலி இல்லை. சிலிக்கா ஜெல் இரண்டு கிழமை வைத்தும், இந்த மழை மூட்டத்தில் வாடை குறையவில்லை.

பல்லில்லாத உருளையில் ஓட்டி, ஒலித்தடத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்பவர்கள் கொழும்பிலோ சென்னையிலோ எங்கே இருக்கிறார்கள்?